மெனிஞ்சைட்டிஸ், காரணம் தெரியவில்லை: ஒரே சார்ட்டுக்கு மூன்று பேர் மூன்று கோடு சொல்கிறார்கள்

கோவை கோடர் | திங்கள், மாலை 6.40

எல்லோருக்கும் வணக்கம். மூன்று வருடமாக அமெரிக்க மருத்துவமனைகளின் இன்பேஷன்ட் சார்ட், அதாவது உள்நோயாளிகளின் மருத்துவப் பதிவு பார்த்து, பில்லுக்காக ஒவ்வொரு நோய்க்கும் உரிய கோடு போடுகிறேன். மெனிஞ்சைட்டிஸ், அதாவது மூளை உறை அழற்சி வந்தவரின் இந்த ஒரு சார்ட் மட்டும் இரண்டு நாளாக மனதை விட்டுப் போகவில்லை. நோயாளியின் அடையாளங்களை எடுத்துவிட்டு, எண்களையும் கொஞ்சம் மாற்றி எழுதுகிறேன்.

முப்பதுகளில் இருப்பவர். சைனஸ் தொற்று என்று குடும்ப மருத்துவர் கொடுத்த அமாக்சிசிலின்-கிளாவுலனேட் ஆன்டிபயாடிக்கை நான்கு நாள் சாப்பிட்டிருக்கிறார். அதன் பிறகு கடும் காய்ச்சல், தலைவலி, கழுத்தை மடக்க முடியவில்லை, வெளிச்சம் பார்த்தால் கண் கூசுகிறது. ஈடிக்கு, அதாவது அவசரப் பிரிவுக்கு வந்ததும் இரத்த கல்ச்சர் (கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை) எடுத்துவிட்டு, உடனே செஃப்ட்ரியாக்சோன், வான்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக்குகள், வைரஸுக்கான அசைக்ளோவிர் மூன்றையும் ஆரம்பித்துவிட்டார்கள். முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்தது அதற்கு ஆறு மணி நேரம் கழித்து.

சிஎஸ்எஃப், அதாவது அப்படி எடுத்த மூளைத் தண்டுவட நீரின் ரிப்போர்ட்: வெள்ளணுக்கள் 320, அதில் 68 சதவீதம் லிம்போசைட். குளுக்கோஸ் 52, அதே நேரத்து இரத்த சர்க்கரை 104. புரதம் 96. கிராம் ஸ்டெயினில் (சாயமிட்டு நுண்ணோக்கியில் பார்ப்பது) கிருமி இல்லை. கல்ச்சர் மூன்று நாள் வைத்தும் எதுவும் வளரவில்லை. கிருமிகளின் மரபணுவைத் தேடும் பிசிஆர் பேனல் முழுக்க நெகட்டிவ். ஹெர்ப்பிஸ் இல்லை என்றதும் அசைக்ளோவிரை நிறுத்தினார்கள், அப்புறம் வான்கோமைசினையும். செஃப்ட்ரியாக்சோனை மட்டும் மொத்தம் 10 நாள் கொடுக்கச் சொல்லி, பிக் லைன் (கை நரம்பு வழியாகப் பல நாள் மருந்து ஏற்றும் குழாய்) போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள்.

தொற்றுநோய் நிபுணர் மூன்றாம் நாள் எழுதியது: வைரலாக இருக்கவே வாய்ப்பு அதிகம், ஆனால் பாதி சிகிச்சை பெற்ற பாக்டீரியல் மெனிஞ்சைட்டிஸை ஒதுக்க முடியவில்லை. டிஸ்சார்ஜ் சம்மரியில் அட்டெண்டிங், அதாவது பொறுப்பு மருத்துவர், எழுதிய கடைசி டயக்னோசிஸ்: "மெனிஞ்சைட்டிஸ், லைக்லி வைரல் வெர்சஸ் பார்ஷியலி ட்ரீட்டட் பாக்டீரியல்". அதே சம்மரியின் நடுவில் ஒரே ஓர் இடத்தில் "அசெப்டிக் பிக்சர்", அதாவது பாக்டீரியா கிடைக்காத தோற்றம், என்றும் இருக்கிறது.

நான் ஏ87.9 போட்டேன், அதாவது வைரல் மெனிஞ்சைட்டிஸ், அன்ஸ்பெசிஃபைட். என் வேலையைச் சரிபார்க்கும் ஆடிட்டர் எரர் கொடுத்துவிட்டார். 10 நாள் ஆன்டிபயாடிக் கொடுத்திருக்கிறார்கள், அதனால் ஜி00.9, பாக்டீரியல் என்கிறார். எங்கள் டிஎல் (டீம் லீடர்) அண்ணா, இரண்டுமே உறுதியில்லை, ஜி03.9 தான் என்கிறார். எரரை மறுத்து ரிபட்டல் எழுத இரண்டு நாள்தான் இருக்கிறது. யார் சரி?


இரவுப்பணி | திங்கள், இரவு 7.05

உங்கள் டிஎல் சொல்வதுதான் சரி. காரணம் தெரியவில்லை என்றால் ஜி03.9, மெனிஞ்சைட்டிஸ் அன்ஸ்பெசிஃபைட். நான் எப்போதும் அதைத்தான் போடுவேன். இதுவரை எரர் வந்ததில்லை.


சிடிஐ மேசை | திங்கள், இரவு 8.30

இரவுப்பணி தம்பி, எரர் வரவில்லை என்பதால் அது சரியாகிவிடாது. டாக்டர் எதுவுமே சொல்லாமல் "மெனிஞ்சைட்டிஸ்" என்று மட்டும் விட்டால் ஜி03.9. இங்கே அவர் இரண்டு காரணங்களைப் பெயர் சொல்லி எழுதியிருக்கிறார். அவற்றை இல்லாதது போலத் தள்ளிவிட நமக்கு உரிமை கிடையாது.

அமெரிக்காவின் நோய்க் கோடு விதிகளான ஐசிடி-10-சிஎம் கைட்லைன்ஸில் செக்‌ஷன் 2-எச் எடுத்துப் பாருங்கள். இன்பேஷன்ட் சேர்க்கையில், டிஸ்சார்ஜ் நேரத்தில் ப்ராபபிள், சஸ்பெக்டட், லைக்லி, பாசிபிள், ஸ்டில் டு பி ரூல்ட் அவுட், கன்சிஸ்டன்ட் வித் போன்ற உறுதியில்லாத சொற்களோடு டயக்னோசிஸ் எழுதப்பட்டிருந்தால், அந்த நோய் இருப்பதாகவே எடுத்துக்கொண்டு கோடு போட வேண்டும். கடைசியில் "இது போன்ற மற்ற சொற்கள்" என்று ஒரு வாலும் இருக்கிறது. "கன்சர்ன் ஃபார்" என்பதும் அந்த வாலில் அடங்கும் என்று அதிகாரப்பூர்வ விளக்க இதழான கோடிங் கிளினிக் 2018 முதல் காலாண்டில் சொல்லிவிட்டது.

அடுத்து செக்‌ஷன் 2-டி. இதுவா அதுவா என்று இரண்டு டயக்னோசிஸை எதிரெதிரே வைத்து எழுதியிருந்தால், இரண்டும் உறுதியானது போலவே கோடு போட்டு, சேர்க்கையின் சூழ்நிலையைப் பார்த்து வரிசைப்படுத்த வேண்டும். எது முதல் என்று தீர்மானிக்க முடியாவிட்டால் எதை வேண்டுமானாலும் முதலில் வைக்கலாம்.

அதனால், தம்பி கோவை, எழுதியிருப்பதை அப்படியே படித்தால் ஜி00.9-உம் ஏ87.9-உம் இரண்டுமே வர வேண்டும். நீங்கள் "லைக்லி வைரல்" வரை படித்துவிட்டு வெர்சஸுக்குப் பிறகு இருப்பதை விட்டுவிட்டீர்கள். ஆடிட்டர் அதற்குப் பின்னால் இருப்பதை மட்டும் எடுத்துக்கொண்டார்.

ஆனால் நானாக இருந்தால் அப்படியும் அனுப்ப மாட்டேன். ஒரே சம்மரியில் வைரல், பாக்டீரியல், அசெப்டிக் என்று மூன்று சொல் இருக்கிறது. மூன்றும் மூன்று இடத்துக்குப் போகும். இது க்வெரி போட, அதாவது டாக்டரிடமே எழுதிக் கேட்க வேண்டிய சார்ட்.


புதுக்கோடர் | திங்கள், இரவு 9.10

நான் பயிற்சி முடித்து நான்கு மாதம்தான் ஆகிறது. ஒரு சந்தேகம். ஈடி டாக்டர் "ரூல் அவுட் மெனிஞ்சைட்டிஸ்" (மெனிஞ்சைட்டிஸா என்று பார்த்து ஒதுக்க வேண்டும்) என்று எழுதி வேறு மருத்துவமனைக்கு மாற்றிவிட்டால், அங்கேயும் இதே 2-எச் பார்த்து மெனிஞ்சைட்டிஸ் கோடு போடலாமா? போன வாரம் அப்படித்தான் போட்டேன். இப்போது பயமாக இருக்கிறது.


ஈடி நான்கு வருடம் | திங்கள், இரவு 9.45

போடக் கூடாதும்மா. ஈடி அவுட்பேஷன்ட். அதற்கு செக்‌ஷன் 4-எச். சந்தேகம், இருக்கலாம், ரூல் அவுட் என்று எழுதியதை அங்கே கோடு செய்யவே கூடாது. அந்த வருகையில் உறுதியாகத் தெரிந்தது எதுவோ அதுதான்: காய்ச்சலுக்கு ஆர்50.9, தலைவலிக்கு ஆர்51.9. மெனிஞ்சிஸ்மஸ், அதாவது மூளை உறை எரிச்சலின் அறிகுறிகள், என்று டாக்டரே எழுதியிருந்தால் ஆர்29.1. இன்பேஷன்டாக இருந்தாலும் டாக்டருடைய தனி பில்லுக்கு 2-எச் கிடையாது, அது மருத்துவமனையின் க்ளெய்முக்கு மட்டும்.

உடனே டிஎல்லிடம் சொல்லித் திருத்துங்கள். இது வெறும் மார்க் பிரச்சினை இல்லை. அந்த நோயாளிக்கு வந்தது சாதாரண ஒற்றைத் தலைவலியாக இருந்து, அவருடைய பதிவில் மட்டும் மூளைக்காய்ச்சல் வந்தவர் என்று பல வருடம் நிற்கும்.


புதுக்கோடர் | திங்கள், இரவு 9.52

சரி அக்கா, நாளைக் காலையிலேயே சொல்லிவிடுகிறேன். மூளைக்காய்ச்சல் என்றால் என்செஃபலைட்டிஸ் இல்லையா? எங்கள் ஊரில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் தடுப்பூசி என்று சொல்வார்களே?


மதுரை மருத்துவர் | திங்கள், இரவு 11.20

பணி முடிந்து இப்போதுதான் படித்தேன். பொது மருத்துவம் பார்க்கிறேன், கோடிங் எனக்கு அந்நியம். ஆனால் உங்கள் சார்ட்டில் அந்த டாக்டர் ஏன் அப்படி எழுதினார் என்று சொல்ல முடியும்.

முதலில் அந்தச் சொல். தமிழில் இரண்டையுமே மூளைக்காய்ச்சல் என்றுதான் மக்கள் சொல்கிறார்கள். மெனிஞ்சைட்டிஸ் மூளையைச் சுற்றியிருக்கும் உறையில் வரும் அழற்சி. என்செஃபலைட்டிஸ் மூளையே பாதிக்கப்படுவது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் இரண்டாவது வகை. நோயாளி பிதற்றுகிறார், நடத்தை மாறிவிட்டது, வலிப்பு வந்தது என்றால் எங்களுக்கு இரண்டாவது நினைவுக்கு வரும். இரண்டும் சேர்ந்தும் வரும்.

இப்போது அந்த எண்கள். பாக்டீரியாவாக இருந்தால் வழக்கமாக அணுக்கள் ஆயிரத்தைத் தாண்டும், அதில் நியூட்ரோஃபில் வகை அதிகமாக இருக்கும், குளுக்கோஸ் இரத்தத்தில் இருப்பதில் 40 சதவீதத்துக்கும் கீழே போகும், புரதம் நன்றாக ஏறும். வைரஸில் சில நூறு அணுக்கள், லிம்போசைட் அதிகம், குளுக்கோஸ் சரியாக இருக்கும், புரதம் லேசாக ஏறும். இவருக்கு 52-க்கு 104, சரிபாதி. பார்த்தவுடன் வைரஸ் என்றுதான் தோன்றும்.

ஆனால் இவர் நான்கு நாள் மாத்திரை சாப்பிட்டிருக்கிறார். அதன் மேல் ஆறு மணி நேரம் செஃப்ட்ரியாக்சோன் நரம்பு வழியாக ஏறியிருக்கிறது. மெனிஞ்சோகாக்கஸ் கிருமி என்றால் மருந்து ஏற்றிய இரண்டு மணி நேரத்திலேயே கல்ச்சரில் கிடைக்காமல் போய்விடலாம். நிமோகாக்கஸ் நான்கு மணி நேரத்திலிருந்து மறைய ஆரம்பிக்கும். அணு வகையும் குளுக்கோஸும் அவ்வளவு சீக்கிரம் மாறாது, ஆனால் அவையும் மெல்ல மெல்ல வைரஸ் போன்ற தோற்றத்துக்கு நகரும். கல்ச்சர் நெகட்டிவ் என்பதை வைத்து பாக்டீரியா இல்லை என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். அந்த டாக்டரும் செய்யவில்லை.

மருந்தை முதலில் கொடுத்தது தவறில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பாக்டீரியல் மெனிஞ்சைட்டிஸில் ஒவ்வொரு மணி நேரமும் உயிர் சம்பந்தப்பட்டது. ஸ்கேனுக்காகவோ வேறு எதற்காகவோ முதுகில் நீர் எடுப்பது தள்ளிப்போனால், ரிப்போர்ட் தெளிவாக இருக்க வேண்டும் என்று மருந்தை நிறுத்திவைக்க முடியாது. உங்கள் சார்ட்டில் இருக்கும் குழப்பம் அந்த நோயாளியைக் காப்பாற்ற முயன்றதால் வந்தது.


கோவை கோடர் | செவ்வாய், காலை 7.15

டாக்டர், நன்றி. இதை யாரும் இப்படி விளக்கியதில்லை. பிசிஆர் பேனல் நெகட்டிவ் என்பதற்கு எவ்வளவு மதிப்பு? அதுகூடப் போதாதா?


மதுரை மருத்துவர் | செவ்வாய், காலை 7.40

எந்த பேனல் என்று ரிப்போர்ட்டில் இருக்கும், பாருங்கள். அமெரிக்காவில் பரவலாக இருக்கும் பயோஃபயர் ஃபிலிம்அரே மெனிஞ்சைட்டிஸ் பேனல் 2015-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவின் அனுமதி பெற்றது. 14 கிருமிகளை ஒரு மணி நேர அளவில் தேடும்: ஆறு பாக்டீரியா, ஏழு வைரஸ், ஒரு பூஞ்சை. அந்த 14-க்கு வெளியே இருப்பதை அது தேடவே தேடாது. காசநோய்க் கிருமி அதில் இல்லை. ஸ்டாஃபிலோகாக்கஸ் இல்லை. கொசு மூலம் வரும் வெஸ்ட் நைல் வைரஸ் இல்லை.

இதே சிஎஸ்எஃப், குளுக்கோஸ் மட்டும் 28 என்று என் வார்டில் வந்தால் நான் முதலில் நினைப்பது டிபி மெனிஞ்சைட்டிஸ். இங்கே அது அவ்வளவு சாதாரணம். அமெரிக்காவில் அதே தாளைப் பார்ப்பவருக்கு முதலில் வேறு நினைவு வரும். ரிப்போர்ட் மட்டும் காரணத்தைச் சொல்லாது. எந்த ஊர், எந்தப் பருவம், நோயாளி இதற்கு முன் என்ன சாப்பிட்டார், எங்கே போனார் என்பதெல்லாம் சேர்ந்துதான் சொல்லும்.


ஆடிட் பக்கம் | செவ்வாய், காலை 10.30

நானும் ஆடிட்டர்தான், இந்த சார்ட்டின் ஆடிட்டர் இல்லை. ஆடிட்டர் தரப்பிலும் ஒரு நியாயம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விடக் கூடாது. வைரஸ் என்று உண்மையிலேயே நம்பியிருந்தால் 10 நாள் ஆன்டிபயாடிக், அதுவும் பிக் லைன் போட்டு யாராவது கொடுப்பார்களா? சிகிச்சை எதை நோக்கிப் போனது என்று பார்ப்பது எங்கள் வேலை. இன்ஷூரன்ஸ் பக்கத்திலிருந்து பணம் தர மறுத்து டினையல் வந்தால் அவர்களும் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.


மதுரை மருத்துவர் | செவ்வாய், மதியம் 1.15

கொடுப்போம். நானே கொடுத்திருக்கிறேன். வைரஸ் என்று 80 சதவீதம் தோன்றினாலும், மீதி 20-இல் ஒரு உயிர் இருக்கிறது. நோய் இருக்கிறது என்று நம்பிக் கொடுக்கும் மருந்து வேறு, இருந்துவிட்டால் என்ன செய்வது என்று கொடுக்கும் மருந்து வேறு. மருந்துச் சீட்டைப் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது. கொடுத்தவரைத்தான் கேட்க வேண்டும்.


சிடிஐ மேசை | செவ்வாய், மதியம் 2.00

டாக்டர் சொன்னதைத்தான் நானும் சொல்ல வந்தேன். சிகிச்சை என்பது க்வெரி கேட்பதற்கான காரணம், அதிலிருந்து கோடு பிறக்காது. லேப் ரிப்போர்ட்டும் அப்படித்தான். அசாதாரணமான லேப் முடிவை டாக்டர் அதன் முக்கியத்துவத்தைச் சொல்லாமல் கோடு செய்யக் கூடாது என்று செக்‌ஷன் 3-பி தெளிவாகச் சொல்கிறது.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மருத்துவமனைக்குக் கிடைக்கும் தொகையைத் தீர்மானிக்கும் குழு எண்ணான எம்எஸ்-டிஆர்ஜி, பாக்டீரியா என்றால் 094 முதல் 096. வைரல் மெனிஞ்சைட்டிஸ் என்றால் 075, 076. பாக்டீரியா, வைரல் இரண்டும் அல்லாத நரம்பு மண்டலத் தொற்றுகளுக்கு 097 முதல் 099. ஒரே மனிதர், ஒரே 10 நாள், ஒரு சொல் மாறினால் வேறு குடும்பம். பாக்டீரியா குடும்பத்தின் எடை, அதாவது கட்டண மதிப்பு, வைரல் குடும்பத்தைவிட அதிகம். அதனாலேயே ஆன்டிபயாடிக்கைப் பார்த்து ஜி00.9 போடுவது எனக்குப் பயம் தருகிறது. எண்ணம் நல்லதாக இருந்தாலும், வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது வேறு மாதிரி தெரியும். க்வெரியில் இந்த டிஆர்ஜி பேச்சு ஒரு வரிகூட வரக் கூடாது. இந்தத் துறையின் சங்கங்களான ஏஹைமாவும் அக்டிஸும் சேர்ந்து வெளியிட்ட க்வெரி நெறிமுறை, 2022-இல் புதுப்பித்தது, அதில் கண்டிப்பாக இருக்கிறார்கள்.


ஆடிட் பக்கம் | செவ்வாய், மதியம் 2.25

ஒத்துக்கொள்கிறேன். சிகிச்சையைக் காட்டி எரர் கொடுத்திருக்கக் கூடாது, க்வெரி வாய்ப்பு என்று குறித்திருக்க வேண்டும். ஆனால் அக்கா, "ஒதுக்க முடியவில்லை" என்று தொற்றுநோய் நிபுணர் எழுதியதை நீங்கள் அன்சர்ட்டன் டயக்னோசிஸாக, அதாவது 2-எச் சொல்லும் உறுதியில்லாத டயக்னோசிஸாக எடுப்பீர்களா? எங்கள் டீமில் இதில் இரண்டு கருத்து இருக்கிறது.


சிடிஐ மேசை | செவ்வாய், மாலை 3.10

தனியாக அது மட்டும் இருந்தால் எடுக்க மாட்டேன். "கேனாட் பி எக்ஸ்க்ளூடட்" என்பது பட்டியலில் அப்படியே இல்லை. "ஸ்டில் டு பி ரூல்ட் அவுட்" இருக்கிறதே என்று சிலர் வாதம் செய்வார்கள். முன்னது, நான் இதை நினைக்கவில்லை, ஆனால் இல்லை என்று சொல்லவும் முடியாது என்கிறது. பின்னது, இன்னும் இதைத் தேடிக்கொண்டிருக்கிறேன் என்கிறது. எனக்கு இரண்டும் ஒன்றாகத் தெரியவில்லை. அதோடு அது மூன்றாம் நாள் நோட். 2-எச் கேட்பது டிஸ்சார்ஜ் நேரத்துச் சொல்லை. கன்சல்டன்ட் ஒன்று, அட்டெண்டிங் ஒன்று என்று முரண்பட்டால் அட்டெண்டிங்கைக் கேட்க வேண்டும்.


இரவுப்பணி | செவ்வாய், மாலை 4.00

சரி, ஜி03.9 பற்றி நான் நேற்று அவசரப்பட்டுச் சொன்னேன். "அசெப்டிக்" என்று எழுதினால் அதுவும் வைரஸ்தானே? வகுப்பில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். ஏ87.9 அதற்கு வராதா?


சிடிஐ மேசை | செவ்வாய், மாலை 4.35

வராது. கோடுப் புத்தகத்தின் இண்டெக்ஸில் மெனிஞ்சைட்டிஸ், அசெப்டிக் என்று தேடினால் ஜி03.0 வரும், நான்பையோஜெனிக், அதாவது சீழ் உண்டாக்காதது. டாக்டர்கள் பேச்சில் இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்வார்கள், வகுப்பில் சொன்னது அதிலிருந்து வந்திருக்கும். அசெப்டிக் என்றால் வழக்கமான கல்ச்சரில் பாக்டீரியா கிடைக்காத மெனிஞ்சைட்டிஸ். அதில் பெரும்பாலானவை வைரஸ்தான், ஆனால் எல்லாமே இல்லை. ஐபுப்ரோஃபென் சாப்பிட்டு வரும், ஐவிஐஜி (நரம்பு வழியாக ஏற்றும் எதிர்ப்புப் புரதம்) ஏற்றிய பிறகு வரும். மருந்தால் வந்தது என்று டாக்டர் எழுதினால் அதற்கு டி (T) கோடு, அதாவது மருந்தின் பக்கவிளைவைச் சொல்லும் கோடு, தனியாகச் சேர்க்க வேண்டும், ஐவிஐஜி என்றால் டி50.இசட்15ஏ.

இன்னொரு குழி: ஏ87.2. அது லிம்போசைட்டிக் கோரியோமெனிஞ்சைட்டிஸ், எலிகளிடமிருந்து வரும் ஒரு குறிப்பிட்ட வைரஸ். ஆனால் கோடுகளை வரிசையாகத் தரும் டேபுலரில் அதன் கீழ் "லிம்போசைட்டிக் மெனிஞ்சோஎன்செஃபலைட்டிஸ்" என்றும் இருக்கிறது. சிஎஸ்எஃபில் லிம்போசைட் அதிகம் என்று பார்த்துவிட்டு நேராக அங்கே போய் விழுந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். லேப் தாள் அணுக்களின் வகையைச் சொல்கிறது, நோயின் பெயரை இல்லை.

புதுக்கோடர் கேட்டதற்கும் சேர்த்து: டாக்டர் "மெனிஞ்சோஎன்செஃபலைட்டிஸ்", அதாவது உறையும் மூளையும் சேர்ந்து பாதிக்கப்பட்டது, என்று எழுதிவிட்டால் ஜி03-க்கு இடமே இல்லை. எக்ஸ்க்ளூட்ஸ்1 (இரண்டையும் சேர்த்துப் போடக் கூடாது என்ற குறிப்பு) போட்டு ஜி04 பக்கம் அனுப்பியிருக்கிறார்கள்.


ஐசிடி-9 காலம் | செவ்வாய், இரவு 8.50

சென்னையில் 2006-இலிருந்து இந்த வேலையில் இருக்கிறேன். காரணம் தெரியாத மெனிஞ்சைட்டிஸ் என்றாலே எனக்கு 2012 செப்டம்பர்தான் நினைவுக்கு வரும். அப்போதிருந்த ஐசிடி-9 முறையில் அதற்கு 322.9 போடுவோம்.

டென்னசியில் ஒருவருக்கு மெனிஞ்சைட்டிஸ். வழக்கமான சிகிச்சைக்குச் சரியாகவில்லை. கடைசியில் சிஎஸ்எஃபில் வளர்ந்தது ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சை. நல்ல எதிர்ப்புச் சக்தி உள்ளவருக்கு அது எப்படி மூளை வரை போகும்? அவரைப் பார்த்த மருத்துவர் முன்கதையைத் தோண்டியபோது, சில வாரங்களுக்கு முன் முதுகுவலிக்காகத் தண்டுவடத்தின் அருகே ஸ்டீராய்டு ஊசி போட்டது தெரிந்தது. மாநில சுகாதாரத் துறைக்குச் சொன்னார். அங்கிருந்து நூல் பிடித்துப் போய், மாசசூசெட்ஸின் ஃப்ரேமிங்ஹாமில் இருந்த நியூ இங்கிலாந்து காம்பவுண்டிங் சென்டர் என்ற மருந்தகம் தயாரித்த மெத்தில்ப்ரெட்னிசோலோன் ஸ்டீராய்டு குப்பிகளில் பூஞ்சை கலந்திருந்தது என்று கண்டுபிடித்தார்கள். 20 மாநிலங்களில் 750-க்கும் மேற்பட்டவர்கள் பாதிக்கப்பட்டார்கள், 60-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பெரும்பாலானவர்களிடம் கிடைத்தது எக்செரோஹைலம் என்ற வேறொரு பூஞ்சை, அதற்கு முன் மெனிஞ்சைட்டிஸில் யாரும் எதிர்பார்க்காதது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அவர்களில் பலருக்கு நியூட்ரோஃபில் அதிகம், கல்ச்சரில் எதுவும் வளரவில்லை. ஒரு தாளை மட்டும் பார்த்தால் பாதி சிகிச்சை பெற்ற பாக்டீரியல் மாதிரியே இருந்திருக்கும். யாராவது அவசரமாக ஒரு காரணத்தை எழுதி மூடியிருந்தால் அந்த நூல் அறுந்திருக்கும். தெரியவில்லை என்று ஒரு டாக்டர் எழுதுவதை நான் அன்றிலிருந்து குறையாகப் பார்ப்பதில்லை. சார்ட்டின் முன்கதையில் ஊசி, அறுவை, பயணம், மருந்து என்று எது இருந்தாலும் க்வெரியில் அதை அப்படியே எடுத்து வைப்பேன்.


மதுரை மருத்துவர் | செவ்வாய், இரவு 10.05

ஐயா சொன்னதோடு இன்னொன்று. ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளுயன்சா பி கிருமிக்கான தடுப்பு மருந்து சேர்ந்த ஐந்து-நோய்த் தடுப்பூசியை இந்தியாவில் முதலில் தொடங்கியது தமிழ்நாட்டிலும் கேரளாவிலும்தான், 2011 டிசம்பரில். அந்தத் தடுப்பூசி எத்தனை குழந்தைகளைக் காப்பாற்றியது என்று தெரிய வேண்டுமானால், முன்பு வந்த மெனிஞ்சைட்டிஸில் எது அந்தக் கிருமியால் வந்தது என்று யாராவது எழுதியிருக்க வேண்டும். தெரிந்ததைத் தெரிந்தது என்றும், தெரியாததைத் தெரியாதது என்றும் எழுதியிருந்தால்தான் கணக்கு நிற்கும். ஊகத்தில் எழுதிய பெயர் இரண்டு பக்கமும் கணக்கைக் கெடுக்கும். நாங்கள் எழுதும் ஒரு வரியை இவ்வளவு பேர் உட்கார்ந்து படிக்கிறீர்கள் என்பதே எனக்கு இந்த இழையைப் பார்த்துத்தான் தெரிந்தது.


கோவை கோடர் | புதன், காலை 8.20

இரவு உட்கார்ந்து க்வெரி எழுதிவிட்டேன். அனுப்புவதற்கு முன் பார்த்துச் சொல்லுங்கள். இங்கே தமிழில் போடுகிறேன்.

முதலில் உண்மைகள் மட்டும்: சேர்வதற்கு முன் நான்கு நாள் அமாக்சிசிலின்-கிளாவுலனேட், சிஎஸ்எஃப் எடுப்பதற்கு ஆறு மணி நேரம் முன் செஃப்ட்ரியாக்சோன், சிஎஸ்எஃப் எண்கள், கல்ச்சர், பேனல் முடிவுகள், தொற்றுநோய் நிபுணர் மூன்றாம் நாள் எழுதியது, டிஸ்சார்ஜ் சம்மரியில் இருக்கும் மூன்று வெவ்வேறு சொற்கள், செஃப்ட்ரியாக்சோன் 10 நாள். அதன் பிறகு கேள்வி: "உங்கள் மருத்துவக் கணிப்பின்படி, டிஸ்சார்ஜ் நேரத்தில் இந்த நோயாளியின் மெனிஞ்சைட்டிஸின் வகையையோ காரணத்தையோ தெளிவுபடுத்த முடியுமா?" கீழே தேர்வுகள்: வைரல் மெனிஞ்சைட்டிஸ், உறுதியாக அல்லது சந்தேகமாக; பாதி சிகிச்சை பெற்ற பாக்டீரியல் மெனிஞ்சைட்டிஸ், உறுதியாக அல்லது சந்தேகமாக; இரண்டும் சம அளவில் சாத்தியம்; அசெப்டிக் மெனிஞ்சைட்டிஸ், காரணம் கண்டறியப்படவில்லை; வேறு ஏதாவது; மருத்துவரீதியாகத் தீர்மானிக்க இயலவில்லை.


சிடிஐ மேசை | புதன், காலை 9.00

நன்றாக இருக்கிறது. தலைப்பில் மட்டும் "பாக்டீரியல் மெனிஞ்சைட்டிஸ் க்வெரி" என்று போட்டிருந்தால் "மெனிஞ்சைட்டிஸ் தெளிவுபடுத்தல்" என்று மாற்றுங்கள். தலைப்பே ஒரு பக்கம் இழுக்கக் கூடாது. ரிபட்டலில் க்வெரி நிலுவையில் இருக்கிறது என்று எழுதி நேரம் கேளுங்கள், கொடுப்பார்கள்.


கோவை கோடர் | அடுத்த செவ்வாய், மாலை 5.30

பதில் வந்துவிட்டது. அட்டெண்டிங் சம்மரிக்கு அடெண்டம் (பின்சேர்க்கை) எழுதியிருக்கிறார்: "அசெப்டிக் மெனிஞ்சைட்டிஸ். முழுப் பரிசோதனைக்குப் பிறகும் காரணம் கண்டறியப்படவில்லை. பாக்டீரியாவாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. முன்பே ஆன்டிபயாடிக் எடுத்திருந்ததால் செஃப்ட்ரியாக்சோன் முன்னெச்சரிக்கையாக முடிக்கப்பட்டது."

ஜி03.0. நாங்கள் மூன்று பேர் சண்டை போட்ட மூன்று கோடிலும் அது இல்லை. காய்ச்சலும் கழுத்துப் பிடிப்பும் வரும்போதே இருந்ததால் பிஓஏ ஒய், அதாவது சேரும்போதே இருந்த நோய் என்ற குறியீடு.

எரரை நீக்கிவிட்டார்கள். ஆனால் க்வெரி போடாமல் முடித்ததை என் பெயரில் குறித்திருக்கிறார்கள். அது நியாயம்தான். அன்றைக்கு எண்ணிக்கை முடிக்க வேண்டும் என்று வெர்சஸைத் தாண்டி ஓடிவிட்டேன். டிஎல் அண்ணா இந்த இழையை டீம் முழுக்கப் படிக்கச் சொல்லியிருக்கிறார்.


புதுக்கோடர் | அடுத்த செவ்வாய், மாலை 6.10

வாழ்த்துகள் அண்ணா! என் ஈடி சார்ட்டையும் திருத்தியாயிற்று. கடைசியாக ஒன்று கேட்கலாமா? டிஸ்சார்ஜுக்கு மூன்று வாரம் கழித்து ஏதாவது ரிப்போர்ட் வந்து, அதில் கிருமியின் பெயர் இருந்தால்?


சிடிஐ மேசை | அடுத்த செவ்வாய், இரவு 7.00

ரிப்போர்ட் வந்ததால் மட்டும் கோடு மாறாது. அட்டெண்டிங் அதைப் பார்த்து அடெண்டம் எழுதினால் மாற்றலாம், க்ளெய்மைத் திருத்தி அனுப்ப வேண்டும். அவர் பார்க்காமலே போய்விடும் ஆபத்து இருக்கிறது, ஏனென்றால் நோயாளி வீட்டுக்குப் போய்விட்டார். அதனால் சம்மரியின் கடைசியில் "பெண்டிங்" (இன்னும் முடிவு வராதவை) என்ற பகுதியை நான் விடாமல் படிப்பேன்.


கோவை கோடர் | அடுத்த செவ்வாய், இரவு 7.20

அக்கா, இப்போதுதான் திறந்து பார்த்தேன். பெண்டிங்கில் ஒரு வரி இருக்கிறது: வெஸ்ட் நைல் ஐஜிஎம் (அந்த வைரஸுக்கான எதிர்ப்பொருள் பரிசோதனை), முடிவு வரவில்லை. கொசுக் காலமான ஆகஸ்ட் மாதத்துச் சேர்க்கை இது. அந்த ரிப்போர்ட் அட்டெண்டிங் கைக்குப் போய்ச் சேர்ந்ததா என்று கேட்டு சிடிஐ (மருத்துவர்களின் பதிவைச் சரிபார்க்கும்) டீமுக்கு இப்போதே எழுதிவிட்டேன். வந்ததும் இங்கே சொல்கிறேன்.